முதல் குழந்தைக்கு மட்டும்

அந்தச் சேதியை முதலில் எனக்குக் காட்டியவள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவள். செவ்வாப்பேட்டையிலிருந்து வருகிறாள். பஸ் பெரியபாளையம், ஆரணி எல்லாம் சுற்றி நான் ஏறுகிற கவரைப்பேட்டைக்கு வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள். எனக்காக ஜன்னல் சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். நான் உண்டாகியிருப்பது கம்பெனியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்றைக்கு நான் உட்கார்ந்ததும் செல்போனை என் மடியில் வைத்தாள். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித் தொகையை இனிமேல் முதல் குழந்தைக்கு மட்டும்தான் தருவார்களாம். இரண்டாவது குழந்தைக்குக் கிடையாதாம். யாரோ யாருக்கோ அனுப்பி, ஊரெல்லாம் சுற்றி அவள் கைக்கு வந்திருந்தது.

நிஜமா பொய்யா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

"உனுக்கு இன்னா பேஜாரு? உனுக்கு இதானே மொத கொழந்த. நீ தப்பிச்ச" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். சிரிக்கக்கூடச் சிரித்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் பஸ் திரும்பும்போதுதான் உறைத்தது. வீட்டைப் பொறுத்தவரைதான் இது எனக்கு முதல் குழந்தை. அரசாங்கக் கணக்கில் எனக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது. இருந்திருந்தால் இந்நேரம் பள்ளிக்கூடம் போகிற வயசு.

இது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் போவது எனக்குப் பிடிக்காது. யாராவது என்னை அங்கே இழுத்தால் சண்டைக்குப் போவேன். இப்போது நானே போக வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

முதல் தடவை உண்டானபோது நாங்கள் ஆரணியில் மாமியார் வீட்டில் இருந்தோம். இதே கம்பெனிதான், இதே வேலைதான். கார்களுக்குள்ளே ஓடுகிற மின்சார வயர்களைப் பலகையில் பரப்பி, கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். அதோடு நாமும் நகர வேண்டும். ஸ்டூல் போட்டு உட்காரலாம் என்றால் நம் முன்னாலிருந்த பலகை அடுத்தவளிடம் போய்விடும். அதனால் எல்லோரும் நின்றுகொண்டுதான் செய்வோம். எட்டாம் மாசம் வரைக்கும் நின்றேன். அப்போது எனக்குத் தெம்பு ஜாஸ்தி, திமிரும் ஜாஸ்தி. நடவு நட்டுக்கொண்டே பெற்றவர்கள் எங்கள் குடும்பத்துப் பெண்கள், நான் நிற்க மாட்டேனா என்று நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வலி எடுத்தது. பக்கத்தில் இருந்த சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது வயிறு இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. வயிற்றிலேயே போய்விட்டது என்றார் அத்தை. அத்தை என்றால் என் மாமியார்.

ஆணா பொண்ணா என்று கேட்டேன். அத்தை உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்காமல் போன குழந்தையைப் பற்றிப் பெற்றவளுக்கு எதுவும் சொல்லக்கூடாது. முகத்தைக் காட்டக்கூடாது, புதைத்த இடத்தைச் சொல்லக்கூடாது. ஆணா பெண்ணா என்று தெரிந்தால் மனசுக்குள்ளே பேர் வைத்துவிடுவாளாம். பேர் வைத்துவிட்டால் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்குமாம், அடுத்ததை வரவிடாதாம். அதனால் அந்தக் குழந்தைக்கென்று வீட்டில் இருந்ததையெல்லாம் அத்தை மூட்டை கட்டினார். நான் தைத்து வைத்திருந்த சட்டைகள், பழைய துணியில் கிழித்து மடித்த இடுப்புத் துணிகள், வசம்பு வளையல், எல்லாவற்றையும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளையும் அதிலேயே வைத்தார். கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். மூட்டையை ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். ஆரணி ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் இருக்கும். என் நேரம், அந்த மாசம் பார்த்துத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அதோடு விட்டாரா, இல்லை. பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றி, என் வீட்டுக்காரரைக் கையால் அடித்து அணைக்கச் சொன்னார். இதைப் பற்றி அவளிடம் வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம். உள்ளே படுத்துக்கொண்டு கதவிடுக்கில் நான் அதைப் பார்த்தேன். எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போய்க்கொண்டிருந்த நேரம். என்ன சத்தியம், எதற்குச் சத்தியம் என்று கேட்கவில்லை.

அப்புறம் அந்த ஊர் நர்சம்மா விசாரிக்க வந்திருக்கிறார். அத்தை வாசலிலேயே நிற்க வைத்து, பொறந்துடுச்சு, தாயும் புள்ளையும் அவுங்க அம்மா ஊட்டுக்குப் போயிருக்காங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார். பச்சை உடம்புக்காரி உள்ளே படுத்திருக்கும்போது சாவு வார்த்தையை வாசலில் நின்று சொல்லக்கூடாது என்பது அவர் கணக்கு. நர்சம்மா குழந்தை பிறந்ததாகப் பதிந்துகொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றலாகியும் போய்விட்டார். அந்த உதவித் தொகையில் முதல் தவணைக்கு அப்புறம் வர வேண்டியது எதுவும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் கவரைப்பேட்டைக்கு வாடகைக்கு வந்தோம். ஒரு ரூம், ஒரு அடுப்படி, வரிசை வீடு. வருஷங்கள் போயின. இனிமேல் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தபோது இது வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பழைய கதையைக் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். இந்தத் தடவை நிற்கிற வேலை கூடாது. அஞ்சாம் மாசத்திலிருந்து வீட்டில் இருக்க வேண்டும், இடது பக்கமாகப் படுக்க வேண்டும். இல்லையென்றால் இதற்கும் உத்தரவாதம் இல்லை. சரிங்க மேடம் என்றேன். வீட்டில் படுத்துக்கொண்டு எதைச் சாப்பிடுவது என்று அவரைக் கேட்க முடியுமா? என் வீட்டுக்காரர் வேலை செய்கிற இரும்புக் கம்பி மில் வாரத்தில் பாதி நாள் ஓடுவதில்லை. ஓடாத நாளுக்குச் சம்பளம் இல்லை. நான் கான்ட்ராக்ட் ஆள். நடுவில் கான்ட்ராக்டர் மாறியதில் என் இ.எஸ்.ஐ. அட்டையில் நாட்கள் சேரவில்லை, அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வராது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்த உதவித் தொகை ஒன்றுதான். அது வந்தால் பிரசவம் வரைக்கும் வாடகையும் அரிசியும் தாங்கும். அது வந்தால் நான் நிற்க வேண்டியதில்லை. நான் நிற்காவிட்டால் இந்தக் குழந்தை பிழைக்கும். என் கணக்கு இவ்வளவுதான், இதற்கு மேலே கூட்டல் கழித்தல் ஒன்றும் கிடையாது.

பஸ்ஸில் சேதியைப் பார்த்த மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கவரைப்பேட்டை நர்சம்மாவைப் பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். மூணு மாசம் முடியாமல் வெளியே மூச்சு விடக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்ததால் அதுவரைக்கும் நான் பதியவே இல்லை. அதற்கு முதலில் திட்டு வாங்கினேன். இந்த நர்சம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கண்ணாடி கீறிய டேப்லெட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் ஆதார் எண்ணைத் தட்டினார். ஏதோ வந்தது. நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார்.

"மொத கொழந்தைய யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

இல்லை சிஸ்டர் என்றேன். ஊரிலா என்று கேட்டார். இல்லவே இல்லை சிஸ்டர் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் நல்ல மனுஷி, அதைச் சொல்லியாக வேண்டும். முதல் குழந்தைக்கு மட்டும் என்பது இன்னும் எழுத்தில் வரவில்லை, ஆனால் மீட்டிங்கில் சொல்லிவிட்டார்கள், பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வந்துவிட்டால் என் பேர் இரண்டாவது குழந்தை என்று வெளியே போய்விடும். குழந்தை உயிரோடு பிறந்து அப்புறம் இல்லாமல் போயிருந்தாலும் அது முதல் குழந்தைதான், கணக்கு கணக்குதான். வயிற்றிலேயே போயிருந்தால் மட்டும் அதைத் திருத்தி இதை முதலாவதாகக் காட்டலாம். ஆஸ்பத்திரித் தாள் இருந்தால் கொண்டு வாங்க, இப்பவே மாற்றிவிடுகிறேன் என்றார்.

தாள்! தாள் எங்கே இருக்கிறது? பழவேற்காடு தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் நகல் கேட்கலாம் என்று போனேன். அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. டாக்டர் எப்போதோ மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாராம். கடைப் பையனிடம் பழைய ரிஜிஸ்டர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கவர் வேணுமாக்கா, டெம்பர்ட் கிளாஸ் வேணுமா என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்லி என்ன.

திரும்பப் போய்ச் சொன்னேன். நர்சம்மா யோசித்துவிட்டு, அப்படியானால் அப்பாவைக் கூட்டி வாங்க என்றார். எல்லாம் செய்து முடித்தவர் அவர்தானே. அவர் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன், ஆனால் சீக்கிரம் வாங்க, பட்டியல் போய்விட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை ஆரணியிலிருந்து வந்திருந்தார். நான் மாசமாக இருப்பதால் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நர்சம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். உயிரோடு பிறந்திருந்தால் கிடையாது, வயிற்றிலேயே போயிருந்தால் உண்டு, நமக்கு வயிற்றிலேயேதானே போச்சு, நீங்கள் வந்து சொன்னால் போதும் என்றேன். அவர் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனார்.

அத்தைதான் பேசினார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன், வாயைத் திறந்தால் இதுவும் தங்காது என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. அத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது.

"நீங்க ஆத்துல வுட்டது தாள் இல்ல அத்தே. நா உக்காந்து துன்ற சோறு அது" என்று கத்தினேன்.

அத்தை அழுதார். நீ பொழைக்கணும்னுதான் செஞ்சேன், எனக்கு வேற இன்னா தெரியும் என்றார். அதுவும் உண்மைதான். அந்த நாட்களில் எனக்குக் கஞ்சி ஊட்டியது அவர் கைதான், என் துணியைத் துவைத்ததும் அவர்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் மேலே எனக்கு இரக்கம் வரவில்லை. வெறுப்புதான் வந்தது. வெறுத்துக்கொண்டே, அவர் சொல்கிறமாதிரி சத்தியம் உடைந்தால் இதுவும் போய்விடுமோ என்று பயந்தேன். ப்ளஸ் டூ படித்தவள் நான். படிப்பு அந்தப் பயத்துக்குக் கிட்டேகூட வரவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? காலையில் கண் விழித்ததும் செல்போனைத் தேடுவேன். உதவித் தொகை என்று போட்டுத் தேடினால் ஒருத்தர் நிறுத்திவிட்டார்கள் என்பார், இன்னொருத்தர் ஏற்றப்போகிறார்கள் என்பார், மூன்றாவது ஆள் கேக் செய்வது எப்படி என்று காட்டுவார். பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் இதே பேச்சு. பைக் இருந்தால் கிடையாதாம் என்றாள் ஒருத்தி. கம்பெனியில் வேலை செய்தால் கிடையாதாம் என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொன்றையும் கேட்கும்போது அடிவயிற்றில் கை வைத்துக்கொள்வேன், அப்புறம் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எடுத்துவிடுவேன். கான்ட்ராக்டில் வயிறு தெரிந்தால் மறுநாள் வர வேண்டாம் என்பார்கள். அதனால் இரண்டு சைஸ் பெரிய கம்பெனி கோட்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். இன்னாமா கோட்டுக்குள்ள காணாம பூட்டியா என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்தார். சிரித்தேன். சிரிப்பதும் வேலையில் ஒரு பங்கு.

வீட்டில் அவரோடு பேச்சில்லை. எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? அம்மா பேச்சைத் தட்ட மாட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை. வயிற்றிலேயே போய்விட்டது என்ற ஒரே வார்த்தை. அதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன வலிக்கிறது என்று அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன். எனக்குச் செத்துப்போகலாம் என்று இருந்தது. அப்படி நினைத்த உடனே, வயிற்றில் இருப்பதற்குக் கேட்டுவிட்டதோ என்று பதறுவேன்.

ஐந்தாம் மாசம் பிறந்தது. நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அந்த வாரம் கம்பெனி பாத்ரூமில் ரத்தம் பார்த்தேன். ஒரு சொட்டுதான், ஆனால் ரத்தம். யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் வேலை போய்விடும். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப வந்தேன். பலகை எனக்காக நிற்கவில்லை, என் பங்கு வயரையும் பக்கத்துப் பெண் சுற்றிக்கொண்டிருந்தாள். மன்னிச்சிக்கோ என்று சொல்லிவிட்டு டேப்பைக் கையில் எடுத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் செவ்வாப்பேட்டைக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துட்டு கெடக்குது, நாளைக்கி நீ வராத என்றாள். வராமல் இருந்தால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்டேன். கவரைப்பேட்டை வரும்வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.

வீட்டில் அவரிடம், ரத்தம் பட்டிருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. அவர் எழுந்து எனக்குப் பாயை விரித்துப் போட்டார்.

மறுநாள் காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வா போலாம் என்றார். அத்தை அடுப்படியில் நாஷ்டாவுக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். சுகாதார நிலையத்து வாசலில் நிறுத்திவிட்டு, நீ இங்கியே இரு, நா மட்டும் சொல்லிட்டு வந்துடறேன் என்றார்.

"என் கொழந்தையப் பத்தி எனக்குத் தெரியாதத அந்தம்மாவுக்கு மட்டும் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனோம்.

நர்சம்மா டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ரேஷன் கார்டுக்கு விவரம் கேட்பார்களே, அந்த மாதிரிக் குரல்தான். எந்த மாசம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அடக்கமா எரித்தீர்களா என்று கேட்டார். அடக்கம் என்றார் இவர். எங்கே என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். ஆற்றங்கரையில், பழைய செங்கல் சூளைக்குப் பின்னால், இரண்டு பனைமரம் நிற்கும், அதற்கு நடுவில்.

எனக்கு அந்த இடம் தெரியும். அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சூளையைத் தாண்டித்தான் போவோம். அங்கே வந்ததும் இவர் பைக்கின் வேகத்தைக் குறைப்பார். ரோட்டில் பள்ளம் இருக்கிறது, என்னைக் குலுக்கக்கூடாது என்று குறைக்கிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

அடுத்து, ஆணா பொண்ணா என்று கேட்டார் நர்சம்மா. இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இதைப் போடாமல் அடுத்த பக்கம் போகாதுங்க என்றார் நர்சம்மா. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லுங்க என்றேன்.

"பொண்ணு" என்றார்.

எனக்கு ஒரு பெண் இருந்திருக்கிறாள். நான் யோசிக்கவே கூடாது என்று வைத்திருந்த எல்லாமும், சடை, பாவாடை, பொட்டு எல்லாமும் ஒரு நொடியில் வந்து நின்றன. அத்தை சொன்னது சரிதான், மனசு உடனே பேர் தேட ஆரம்பித்துவிட்டது. அதற்குள் நர்சம்மா அடுத்ததைக் கேட்டுவிட்டார். பொறந்ததும் அழுதுச்சா?

"அழுதுச்சு" என்றார் இவர்.

யோசிக்காமல் வந்துவிட்டது. ஒரு தடவை வாய் திறந்தபின் மூட முடியவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அழுதுச்சு, என் கையில கொடுத்தப்போகூட, என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். இவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது சத்தியம் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உயிரோடு பிறந்தால் கிடையாது என்று நான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் நின்று சொன்ன அன்றைக்கே இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நர்சம்மாவின் விரல் கண்ணாடிக்கு மேலே அப்படியே நின்றது. இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சு நீங்க சொல்லுங்கம்மா. பதிவுக்குக் கேக்கறேன். அழுதுச்சா, அழலையா?"

எனக்குக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தாள்? கண்ணைத் திறந்தாளா? யார் ஜாடை? யாராவது ஒரு சொட்டுத் தண்ணீராவது நாக்கில் வைத்தார்களா? மயக்கத்தில் என்றாலும் பக்கத்து அறையில்தானே கிடந்தேன், அவள் அழுதது எனக்கு ஏன் கேட்கவில்லை? ஒன்றையும் கேட்க முடியாது. கேட்டால் அவள் இருந்தாள் என்று ஆகிவிடும். அவள் இருந்தாள் என்றால், மறுநாளே நான் போய் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்றால் இதுவும் போய்விடும்.

"அழல சிஸ்டர்" என்றேன். "அழவே இல்ல."

விரல் கண்ணாடியைத் தொட்டது. அடுத்த பக்கம் திறந்தது. இவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். மேலே அனுப்பியிருக்கிறேன், அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், விதி வருவதற்குள் ஏற்றுக்கொண்டால் உங்கள் நல்ல நேரம் என்றார் நர்சம்மா. இரும்புச் சத்து மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே போனீர்கள் என்று அத்தை கேட்டார். பதிந்துவிட்டு வந்தோம் என்றேன். அவர் மகன் முகத்தைப் பார்த்தார். உப்புமா ஆறிப்போயிருந்தது. அதைச் சூடு செய்து என் முன்னால் வைத்தார்.

வேலையை விட்டுவிட்டேன். பணம் வரும் என்ற தைரியத்தில் இல்லை, அந்த வார்த்தையைச் சொன்னபின் நிற்க முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் எதுவும் வரவில்லை. விதி வந்துவிட்டது என்கிறார்கள், வரவில்லை என்கிறார்கள். நர்சம்மாவுக்குப் போன் போட்டால், பரிசீலனையில் இருக்கும்மா என்கிறார். இந்த மாச வாடகையை அத்தை தன் கம்மலை வைத்துக் கொடுத்தார். அடுத்த மாசத்துக்கு என்ன என்று யாரும் பேசுவதில்லை. பஸ்ஸில் என் சீட்டில் வேறு ஒருத்தி உட்கார ஆரம்பித்துவிட்டாளாம். செவ்வாப்பேட்டைக்காரி போனில் சொன்னாள்.

டாக்டரம்மா சொன்னமாதிரி இடது பக்கமாகத்தான் படுத்திருக்கிறேன். செல்போன் தலைமாட்டில் இருக்கிறது. டிங் என்று சத்தம் வந்தால் எடுத்துப் பார்க்கிறேன். ரீசார்ஜ் செய்யச் சொல்லி வந்திருக்கும்.

நேற்று மத்தியானம் வரிசை வீட்டில் கடைசிக் கதவுக்காரியின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. மில் ஓடாததால் இவரும் வீட்டில் இருந்தார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், இப்படித்தான் அழுதாளா என்று.

எழுந்து வெளியே போய்விட்டார் என்று நினைத்தேன்.

"இவ்ளோ சத்தமா இல்ல" என்றார்.

என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதையும் நான் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.